கத்தரிக்கப்பட்ட வேதம்

ஒரு நூலில் எவை கூறப்பட்டுள்ளன என்பதை ஆராய்வது விமர்சகனின் முதற்கடமை. அந்நூலிலிருந்து எவை நீக்கப்பட்டன என்பதை ஆராய்வதும் அவன் கடமையே. நீக்கியவன் எதற்கு அஞ்சினான் என்பதை நீக்கப்பட்ட பகுதியே காட்டிவிடும். கடவுளைத் தமது அளவுக்குத் தைத்துக்கொள்ள விழைந்தோரின் வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் உள.

முதலாவது, 1807ஆம் ஆண்டு இலண்டனில் அச்சாகியது. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கெனத் தெரிந்தெடுத்த வேதாகமப் பகுதிகள் எனத் தன்னை அது அறிமுகஞ் செய்துகொண்டது. புரட்டஸ்தாந்து வேதாகமத்தின் 1189 அதிகாரங்களுள் 232 அதிகாரங்களே அதில் இடம்பெற்றன. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் விடுதலை பெற்ற வரலாறு இல்லை, சங்கீதங்கள் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை எனக் கலாத்தியர் நிருபம் கூறுமிடமும் இல்லை. எசமானருக்குக் கீழ்ப்படியுமாறு பணிக்கும் எபேசியர் நிருப வாக்கியம் மாத்திரம் பத்திரமாக இருந்தது. அடிமை வியாபாரத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் தடைசெய்ததும் அதே ஆண்டிலேதான். ஆனால் அடிமைமுறை தொடர்ந்தது.

இரண்டாவது, தோமஸ் ஜெபர்சன் 1820இல் தொகுத்த நூல். சுவிசேஷங்களைக் கத்தியால் அறுத்து, அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் அகற்றி, நீதி போதனைகளை மட்டும் அவர் ஒட்டிவைத்தார். கல்லறை மூடப்படுவதுடன் அவரது நூல் முடிகின்றது. இதனைத் தமது தனிவாசிப்புக்கென்றே அவர் செய்தார்; ஆகவே தோட்ட முதலாளிகளுக்கு உகந்த அந்நூலுடன் இதனை ஒரே தராசில் நிறுத்தல் நியாயமன்று. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. எல்லா மனிதரும் சமமெனச் சாற்றும் 1776ஆம் ஆண்டுப் பிரகடனத்தை வரைந்த அவர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் அதிகமான அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அவர் செதுக்கிய சாந்தமான போதகர் அவ்வுடைமையைப் பறித்துவிடவில்லை.

மறைத்ததனால் நோக்கம் நிறைவேறிற்றா? 1831ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையை அடுத்து ஜமேக்காவில் பல்லாயிரம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கூலியின்றி வேலைசெய்ய மறுக்கும் வேலைநிறுத்தமாகவே அது திட்டமிடப்பட்டது. அதன் தலைவர் சாமுவேல் சார்ப் ஓர் அடிமை. பப்ரிஸ்ற் சபையின் உதவிக்குரு. வேதத்தை வாசிக்கத் தெரிந்தவர். 1832இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

சார்ப்பும் தம் தேவைக்கேற்பவே கடவுளைக் கண்டார் அல்லவா எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. ஆனால் தோட்ட முதலாளியின் வாசிப்பு அவனிடமிருந்து எதனையும் கேட்கவில்லை. சார்ப்பின் வாசிப்போ அவரது உயிரையே கேட்டது. ஒரு விளக்கத்தின் விலையைச் செலுத்துபவர் யார் என்பதே நல்ல உரைகல்.

இவ்வுரைகல் எமக்கும் உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயேசுவின் வரலாற்றை எழுதியோர் தத்தம் காலத்துத் தாராளவாதியையே அவரிடங் கண்டனர் என 1906இல் அல்பேட் சுவைற்சர் எடுத்துக்காட்டினார். முற்போக்காளரும் இம்மயக்கத்துக்கு விலக்கானவர் அல்லர். செல்வந்தனைக் கடிந்த இயேசுவை மேடையேற்றிவிட்டு, பகைவனை நேசிக்கச் சொன்ன இயேசுவை நாம் மறைப்போமாயின், எம் கையில் இருப்பதும் அதே கத்திதான். எபேசியர் வாக்கியத்தையும் நாம் அறுத்தெறிதல் கூடாது. உரோம அடிமைச் சமுதாயத்தின் வடு அதிற் கிடக்கின்றது. அதனை மறைக்காது வாசித்து, வெளிப்படையாக மறுத்தலே நேர்மை.

கடவுளை நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் இது பொது. எம்மோடு ஒருபோதும் முரண்படாத கடவுள் எமது நிழலே. நிழலை வணங்குவோன் தன்னையே வணங்குகின்றான். அவனாற் பிறர் விலங்கு ஒன்றேனும் அறுபடுவதில்லை.