கடைசி எண்ணுக்கே முதல் மரியாதை

வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியை பிரிட்டன் 1963இல் கைவிட்டது. அங்கே இன்று புதிதாகத் தொடங்குபவர் வாங்கும் பெட்டியில் மால்ட் பாகு, ஈஸ்ட், வாளி, நொதிக்கும்போது எழும் வாயுவைக் குமிழிகளாக வெளியே விடும் ஏர்லாக் ஆகியவற்றோடு பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குழலும் இருக்கும். அதுதான் ஹைட்ரோமீட்டர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு. திரவம் அடர்த்தியாக இருந்தால் உயர்ந்து மிதக்கும், நீர்த்திருந்தால் அமிழும். தண்ணீரில் 1.000 காட்டுவது, மால்ட் சர்க்கரை கரைந்த சாற்றில் 1.050 காட்டலாம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிய பிறகு 1.010க்கு இறங்கலாம். வித்தியாசமான 0.040ஐ 131.25ஆல் பெருக்கினால் 5.25 சதவீத ஆல்கஹால்.

கையேடுகள் பலவும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன. எனக்கு அது தவறான முனையாகத் தோன்றுகிறது. தன் பீரில் 5.25 சதவீதமா 4.9 சதவீதமா என்று தெரிவதால் புதியவருக்கு என்ன லாபம்? நண்பர்களிடம் பெருமை பேசலாம், அவ்வளவுதான்.

வரலாற்றைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் முறையை நூலாகவே வெளியிட்டார். அதுவரை நாக்கையும் அனுபவத்தையும் நம்பியிருந்த மதுவாலைகள், மலிவாகத் தெரிந்த பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட் கூடுதல் சர்க்கரை தருகிறது என்பதை எண்ணாகவே கண்டன. போர்ட்டர் பீரின் செய்முறையே அதனால் மாறியது. 1880 முதல் பிரிட்டிஷ் அரசு சாற்றின் அடர்த்தியை வைத்தே வரி விதித்தது. நல்ல கதைதான். ஆனால் வாளியில் 23 லிட்டர் காய்ச்சுபவருக்கு வரியும் இல்லை, மால்ட் மூட்டைகளின் விலைக் கவலையும் இல்லை. ஆலைக்குப் பொருந்தும் நியாயம் அடுக்களைக்குத் தானாகப் பொருந்திவிடாது.

அடுக்களைக்குரிய நியாயம் பாட்டிலில் இருக்கிறது. நொதித்தல் முடியாமல் பீரை அடைத்தால், மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளே தின்னும். அடர்த்தியில் 0.001 இறங்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். சாதாரண பீரில் லிட்டருக்கு சுமார் 5 கிராம் வாயுதான் இருக்கும். ஆக 1.010இல் நிற்க வேண்டியதை 1.015இல் அடைத்து, நுரைக்கென்று வழக்கமாகப் போடும் சர்க்கரையையும் போட்டால், வாயு இரண்டு மடங்கு ஆகிவிடும். இன்னும் முன்னதாக அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். சில்லு முகத்தில் பாயலாம். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டதே என்பது சாட்சியம் ஆகாது. மூடி ஒழுகினாலும் குமிழி வராது. நொதித்தல் முடிந்த பிறகும் அறை சூடேறினால் குமிழி வரும்.

ஆகவே கடைசி எண்தான் முக்கியம். அது இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண் செய்முறை சொல்லும் இடத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிரில் சோம்பிய ஈஸ்ட் 1.020இல் அசையாமல் கிடந்துவிட்டு, பாட்டிலுக்குள் போன பிறகு விழித்துக்கொள்ளக்கூடும்.

முதல் எண்ணைப் பொறுத்தவரை, மால்ட் பாகில் தொடங்குபவர் அளக்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பாகின் எடையும் மொத்தக் கொள்ளளவும் சரியென்றால் எண் முன்பே தெரிந்ததுதான். தண்ணீர் சேர்த்து நன்றாகக் கலக்காவிட்டால் கனமான சாறு அடியில் தங்கிவிடும். அப்போது எடுக்கும் அளவு கணக்கைவிட மோசமானது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கருவிகளைப் பார்ப்போம். ரிஃப்ராக்டோமீட்டரின் கவர்ச்சி பெரிது. சில சொட்டுகளைக் கண்ணாடிப் பட்டகத்தில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் போதும், எண் தெரிந்துவிடும். தானியத்தை ஊறவைத்துச் சாறெடுக்கும் நாளில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஆல்கஹால் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும். 1.050இல் தொடங்கி 1.010இல் முடிந்த பீர் இதில் சுமார் 6 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத அளவு) காட்டும். நேராக மாற்றினால் 1.024. முடிந்த பீரைப் பாதியில் நின்றதாக நினைக்க வைக்கும். முதல் சோதனைக்கு இது போதும். இரண்டாவதில் திருத்தச் சூத்திரம் இல்லாமல் தோற்கிறது. அந்தச் சூத்திரத்துக்கோ முதல் எண்ணும் தேவை.

பீருக்குள்ளேயே மிதந்து புளூடூத் வழியே கைபேசிக்கு எண் அனுப்பும் கருவிகளும் உண்டு. போக்கைக் காட்ட அவை நல்லவை. நுரையும் ஈஸ்ட்டும் மேலே ஒட்டினால் சாய்வு மாறி எண்ணும் பிசகும். தொடங்குபவருக்கு அந்தச் செலவு வீண்.

ஹைட்ரோமீட்டருக்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் 100 மில்லி போல எடுக்க வேண்டும். கிருமி சேரும் என்பதால் அதை வாளியில் திருப்பி ஊற்றக் கூடாது. (குடித்துப் பாருங்கள். சுவையும் ஓர் அளவுதான்.) 4 லிட்டர் மட்டும் காய்ச்சுபவருக்கு இது உறுத்தும். 20 டிகிரிக்கு வகுத்த கருவி, 40 டிகிரி சாற்றில் சுமார் 0.006 குறைத்துக் காட்டும். வாயுக் குமிழிகள் ஒட்டினால் கூட்டிக் காட்டும். மாதிரியை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றினால் சரியாகும். ஆனால் இவை எல்லாமே காரணம் தெரிந்த, கையால் திருத்தக்கூடிய பிழைகள். சரிபார்ப்பதும் எளிது: 20 டிகிரித் தண்ணீரில் 1.000, 900 கிராம் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை கரைத்தால் 1.040.

இரண்டு சோதனைகளையும் சூத்திரமின்றித் தாங்குவது இந்த மலிவான கண்ணாடிதான். தானியத்துக்கு மாறும்போது ரிஃப்ராக்டோமீட்டரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்குப் பதிலாக அல்ல. மெல்லிய கண்ணாடி என்பதால் கழுவுதொட்டியில் எளிதில் உடையும். மிச்சப்படும் காசில் இரண்டாக வாங்கி வையுங்கள்.