வரவேற்பறைச் சுவரில் வெயில்

உட்டா பார்த்தின் ஒளிப்படங்களை முதுகலை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி, "இதுல என்ன மேம் இருக்கு?" என்று கேட்டாள். சுவரில் ஜன்னல் சட்டத்தின் நிழல், கட்டம் கட்டமாக வெயில், கீழே சோபாவின் விளிம்பு. அடுத்த படத்திலும் அதே சுவர். வெயில் மட்டும் சற்று நகர்ந்திருக்கிறது.

பார்த் 1958இல் பெர்லினில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்பவர். 2000இல் அந்நகரின் கெட்டி அருங்காட்சியகம், தன் சேகரிப்பிலுள்ள ஒரு படைப்பை முன்வைத்துப் புதிதாக ஏதேனும் செய்யும்படி பதினொரு கலைஞர்களைக் கேட்டது. பார்த் தேர்ந்தெடுத்தது மோனேயின் கோதுமைப்போர் ஓவியம். '...அண்ட் ஆஃப் டைம்' என்ற இந்த வரிசை அப்படிப் பிறந்தது.

மோனே 1890–91இல் ஜிவெர்னி வயலில் நின்று, ஒளி மாற மாறக் கித்தானை மாற்றி வரைந்தார். காலத்தையே வரைந்தவர் என்று பாடப்புத்தகங்கள் புகழ்கின்றன. அந்தக் கித்தான்களைச் சுமந்துபோய்க் கொடுத்தவர் பிளான்ஷ் ஒஷெடே. மோனே பிறகு மணந்துகொண்ட ஆலிஸின் மகள். அவரும் ஓவியர்தான். முதுமையில் மோனேயைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகளில் தன் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருந்தார். பாடப்புத்தகத்தில் அவருக்கு அரைவரி கிடைத்தாலே அதிகம்.

பார்த் எங்கும் போகவில்லை. சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, வெயில் தன்னிடம் வரக் காத்திருந்தார். விமர்சகர்கள் இவற்றைப் 'பார்த்தல் என்ற செயலைப் பற்றிய படங்கள்' என்கிறார்கள். தவறில்லை. ஆனால் எந்த அறையிலிருந்து பார்க்கிறார் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவளுக்குத்தான் பதினொரு மணி வெயில் எந்தச் சுவரில் விழும் என்று தெரியும். என் அம்மா கடிகாரம் பார்த்து வற்றல் எடுத்ததில்லை; மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் முறத்தைத் தொட்டால் எடுத்துவிடுவாள்.

அம்மாவை நினைத்ததுமே எனக்குப் பார்த்திடம் ஒரு பிணக்கும் வருகிறது. இந்த வீட்டில் யாரும் சாப்பாடு கேட்பதில்லை. துவைக்கப் போட்ட துணி இல்லை. வெயிலை வேலைக்காக அல்லாமல் வெயிலாகவே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும்! அதே சமயம், அந்த ஓய்வை ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொண்டு, அதற்கு விளக்கம் சொல்லாமலும் இருந்திருக்கிறாள் என்பது என்னை இந்தப் படங்களிடமே திரும்பக் கொண்டுவருகிறது. பிளான்ஷுக்கு அது வாய்க்கவில்லை.

2002இன் 'ஒயிட் பிளைண்ட் (பிரைட் ரெட்)' வரிசை நினைவுக்கு இன்னும் நெருக்கமானது. ஜன்னலுக்கு வெளியே இலையற்ற மரம், மின்கம்பிகள். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் இமைக்குள் தங்குமே ஒரு பிம்பம், நிறம் புரண்டு, கலங்கி, அதுபோன்ற படங்கள் இடையிடையே வருகின்றன. நினைவு எதையும் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை, நிறம் மாற்றித்தான் தருகிறது என்று இந்தப் படங்கள் காட்டுவதை நான் நம்புகிறேன். அம்மாவின் முகத்தைவிட அந்த முறத்தின் நிழல்தான் எனக்குத் தெளிவாக இருக்கிறது.

2011இல் பார்த் வெறுமனே காத்திருக்கவில்லை. திரைச்சீலையைத் தானே இழுத்துச் சரிசெய்து, அதில் விழும் ஒளியை நெளியும் கோடாக்கினார். அந்தப் படத்தைக் காட்டியபோது அதே மாணவி மறுபடி கை தூக்கினாள். "மேம், அந்தச் சீலைய யாரு துவைப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.