காவலும் காவல் தவறுதலும்: சங்கப் பாடல்களில் பயிர்ப்பகை உயிரினங்கள்

முன்னுரை

சங்க இலக்கியத்தில் உழவு பற்றி எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செல்கின்றன. ஒரு சாரார், பாடல்களில் வரும் கிளி, பன்றி, யானை முதலியவற்றைத் திணைக்குரிய கருப்பொருள் என்ற அளவில் நிறுத்தி, தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதற்கு அமைந்த களமாக மட்டும் தினைப்புனத்தைக் காண்பர். மற்றொரு சாரார், அதே பாடல்களிலிருந்து கருவிப் பெயர்களைத் தொகுத்து, இன்றைய பயிர்ப் பாதுகாப்பு முறைகள் யாவும் பண்டைத் தமிழரிடம் இருந்தன என நிறுவ முயல்வர். முதல் வழி உயிரினத்தைக் காணாது விடுகிறது. இரண்டாம் வழி பாடலைக் காணாது விடுகிறது.

இவ்விரு சாராரும் போதிய அளவு கருதாத செய்தி ஒன்று உண்டு. பயிர்ப்பகையைப் பாடும் குறிப்பிடத்தக்க பாடல்கள் பல, காவல் வென்ற காட்சியைப் பாடவில்லை. காவல் தவறிய காட்சியையே பாடுகின்றன. இது ஏன் நிகழ்ந்தது, இதனால் அப்பாடல்களின் சான்று மதிப்புக் குறைகிறதா கூடுகிறதா என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

புனமும் பருவமும்

தினை ஏறக்குறைய மூன்று மாதங்களில் முதிரும் பயிர். கதிரில் பால் பிடிக்கும் காலம் தொடங்கி அறுவடை வரையுள்ள சில வாரங்களே பறவைகளால் பெருஞ்சேதம் நேரும் காலம். ஆகவே புனங்காவல் ஆண்டு முழுவதும் நடைபெறும் தொழிலன்று. பயிரின் வளர்ச்சிநிலை வகுத்துத் தரும் குறுகிய காலத் தொழில். தலைவி இதணத்தில் இருப்பதும், கதிர் கொய்தபின் இற்செறிக்கப்படுவதும், அதனால் தோழி வரைவு கடாவுவதும் இக்கால எல்லைக்கு உட்பட்டே நிகழ்கின்றன. குறிஞ்சித்திணையின் கதைப்போக்கை இயக்குவது தினையின் முதிர்ச்சி எனக் கூறுவது மிகையன்று.

இப்பருவத்துப் பகைகள் ஒரு தன்மையன அல்ல. கபிலர் பாடிய ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என்பன அடுத்தடுத்து அமைந்துள்ளன. பன்றி இரவில் நிலத்தின் வழியாகப் புகும். கிளி பகலில் வான்வழியாக இறங்கும். ஒன்றற்குப் பொறியும் மற்றதற்கு ஒலியும் எனக் கருவி வேறுபடுவது இதனாலேயே. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் இதணம் ஏறித் தழல், தட்டை, குளிர் முதலிய கிளிகடி கருவிகளை மாறிமாறி எடுத்து ஒலிக்கின்றனர். தழல் என்பது சுற்றுங்கால் ஓசை எழுப்புவது என்றும், தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து தட்டி ஒலி எழுப்புவது என்றும் உரைமரபு விளக்கும். ஒரே ஒலியைத் தொடர்ந்து கேட்கும் பறவை விரைவில் அதற்குப் பழகிவிடும் என்பது இன்றைய உழவரும் அறிந்த உண்மை. கருவிகளை முறைமாற்றி ஒலிப்பது இவ்வுண்மையோடு பொருந்துகிறது. எனினும் கபிலர் அக்காரணத்தைக் கூறவில்லை. கூறாததை அவர்மேல் ஏற்றுவதும் முறையாகாது.

காவல் தவறும் இடங்கள்

கபிலரே பாடிய குறுந்தொகை 291ஆம் பாடலில் காவல் தவறுகிறது. புனத்தில் படியும் கிளிகளை ஓட்டத் தலைவி குளிரை ஒலிக்கிறாள். அவ்வோசை அவள் குரலோடு ஒத்திருத்தலால், தம்மை அழைப்பதாகக் கருதிய கிளிகள் பெயராது அங்கேயே வீழ்கின்றன. வெருட்டும் கருவி அழைக்கும் கருவியாக மாறிவிட்டது. கிளிகள் அகலாமைக்குத் தலைவியின் குரலினிமையைக் காரணமாக்குவது கவிதை மரபு. ஒலிக்கருவி பயனிழப்பது புனத்தில் கண்ட நிகழ்ச்சி. பாடல் இரண்டனையும் பிரிக்கவியலாதபடி இணைக்கிறது.

நற்றிணை 119ஆம் பாடல், தினை உண்ணும் பன்றிக்காகப் புனவன் மாட்டிய கல்லடாரில் புலி வீழ்வதைக் காட்டுகிறது. நற்றிணை 98ஆம் பாடலில் பன்றி பொறியின் வாயிலை அணுகும்போது பல்லி ஒலிக்க, அதனைத் தீநிமித்தமாகக் கொண்டு மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்குத் திரும்புகிறது. முன்னதில் குறிக்கப்படாத விலங்கு அகப்படுகிறது. பின்னதில் குறிக்கப்பட்ட விலங்கு தப்புகிறது. ஒரே வகைப் பொறியின் இருவேறு குறைகளை இவ்விரு பாடல்களும் தனித்தனியே காட்டுகின்றன.

மருதத்தில் ஐங்குறுநூற்றுக் களவன்பத்து நோக்கத்தக்கது. அதன் 29ஆம் பாடலில், விதைத்த வெண்முளையை நண்டு அறுக்கிறது. வயல் நண்டு இளமுளையையும் நாற்றையும் அடியில் துண்டிப்பது இன்றும் நெல் விளையும் நிலங்களில் காணப்படுவதே. நண்டைக் குறிக்கும் இப்பெயர் கள்வன் எனவும் வழங்கித் திருடனையும் நினைவூட்டுவது பாடலின் பொருளுக்குத் துணை நிற்கிறது.

குறுந்தொகை 309ஆம் பாடலில் வரும் நெய்தல், பகை விலங்கன்று, களை. உழவர் அதனைப் பறித்து வரப்பில் வாட இடுகின்றனர். அது வேறு நிலம் தேடிச் செல்லாமல், களைந்த வயலிலேயே மீண்டும் பூக்கிறது. தலைவனின் கொடுமையைப் பொறுத்து மீண்டும் அவனையே ஏற்கும் நிலைக்குத் தோழி இதனை உவமையாக்குகிறாள்.

இப்பாடல்கள் அனைத்திலும் காவல் தவறுவதற்குரிய காரணம் அகத்திணையின் அமைப்பிலேயே உள்ளது. புனம் காக்கப்படுவது போலவே தலைவியும் காக்கப்படுகிறாள். புனத்துக் காவலை மீறும் விலங்கு, மனைக்காவலை மீறும் களவொழுக்கத்திற்கு உள்ளுறையாக அமைகிறது. எனவே காவல் முற்றிலும் வென்ற புனம் அகப்பாடலுக்கு உதவாது. இத்தேர்வை உணராமல், பண்டைத் தமிழரின் பயிர்க்காவல் பெரிதும் பயனற்றிருந்தது என முடிவு செய்வது, அது முழு வெற்றி பெற்றிருந்தது எனக் கூறுவது போன்றே பிழையாகும்.

புறச்சான்றின் பயன்

அகமரபின் தேர்வை நீக்கி உண்மையை அறிதற்கு வழி உண்டு. காதற்பொருள் இல்லாத பாடல்களோடு ஒப்பிடுவதே அவ்வழி. மலைபடுகடாம், நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் ஆற்றுப்படை. விளைபுனத்தைப் பன்றி அழிக்கும் என அஞ்சி அவை புகும் வழிதோறும் பெருங்கற் பொறிகள் மாட்டப்பட்டிருத்தலால், விடிந்தபின் செல்லுமாறு அது எச்சரிக்கிறது. யானையை ஓட்டப் புனவர் எறியும் கவண்கற்களிலிருந்து மரங்களில் மறைந்து தப்புமாறும் அறிவுறுத்துகிறது. இங்கு உள்ளுறைக்குத் தேவை இல்லை. வழிச்செல்வோர் உயிர் பற்றிய கவலையே உள்ளது. அடார் தான் குறித்த விலங்கை மட்டும் தேர்ந்து வீழ்த்தாது என்பதை இருவகைப் பாடல்களும் ஒருங்கே காட்டுவதால், நற்றிணைப் புலியை வெறுங்கற்பனை எனத் தள்ளுதல் இயலாது.

புறநானூறு 49ஆம் பாடலும் இவ்வகையில் பயன்படும். புனவர் தட்டையைப் புடைத்தால் அயலிலுள்ள கழனியிலும் கடற்கரையிலும் உள்ள பறவைகள் ஒருசேர எழுகின்றன. சேரனை நாடன் என்பதா, ஊரன் என்பதா, சேர்ப்பன் என்பதா எனப் புலவர் ஐயுறுதற்கு அவன் நிலங்கள் நெருங்கி அமைந்திருப்பதே காரணம். பாடலின் நோக்கம் அரசனின் பெருமை; அதன் வழியே, ஒரு புனத்தில் எழுப்பும் ஒலி அப்புனத்தின் எல்லையோடு நிற்பதில்லை என்னும் உண்மையும் பதிவாகிறது.

பூச்சியும் இலக்கண வரையறையும்

விலங்குக்கும் பறவைக்கும் இவ்வளவு இடம் தந்த இப்பாடல்களில், பயிரை அழிக்கும் பூச்சிக்குத் தனிக்காட்சி அமைவது அரிது. வண்டும் தும்பியும் ஞிமிறும் மலரோடும் தேனோடும் சேர்ந்து வருவன; பயிர்ப்பகையாக வருவன அல்ல. இதனைக் கொண்டு அன்று பூச்சித்தாக்கு இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளை வகுக்கையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியவற்றைச் சுட்டுகிறது; பூச்சிக்குத் தனிவகை தரவில்லை. அதே நூலின் மரபியலோ சிதலையும் எறும்பையும் மூவறிவு உயிராகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவு உயிராகவும் வகைப்படுத்துகிறது. சிற்றுயிர்களை அறிந்து பகுத்த மரபு, அவற்றைத் திணைக்குரிய அடையாளமாகக் கொள்ளவில்லை என்பதே பெறப்படுவது. மேலும், ஓட்டுதற்கும் மறித்தற்கும் உரிய பகையே காவற்காட்சிக்குப் பொருந்தும். இலையின் அடியில் மறைந்து உண்ணும் புழுவைத் தட்டையால் ஓட்ட முடியாது.

உயிரினத்தை அடையாளம் காணல்

உவமையின் திறம் உயிரினத்தின் இயல்பைப் பொறுத்தது. குறுந்தொகையின் நெய்தலை ‘நீர்ப்பூ’ என உரை எழுதி நிறுத்தினால், பறித்தும் ஏன் மீண்டும் பூக்கிறது என்ற வினாவிற்கு விடை இல்லை. அது அல்லிக் குடும்பத்தைச் சார்ந்தது என்றும், கொடியும் இலையும் பறிக்கப்பட்டாலும் சேற்றில் எஞ்சும் கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கும் என்றும் அறிந்தபின்னரே தோழியின் கூற்று முழுமை பெறுகிறது. மேலே எறியப்பட்டது வாடுகிறது. வேர் இடம் பெயரவில்லை. அன்பின் நிலையும் அதுவே. கிளியின் கழுத்திலுள்ள செந்நிற வளையம் போன்ற நுண்ணிய வருணனைகளும் இவ்வாறே ஆராயத்தக்கன. பச்சைக்கிளி இனத்தில் அவ்வளையம் முதிர்ந்த ஆண்பறவைக்கே உரியது.

இத்துறையில் பி. எல். சாமி செடிகொடிகளையும் புள்ளினங்களையும் தனித்தனியே ஆராய்ந்து அமைத்த அடிப்படை பெரிது. ஆயினும் அவ்வாய்வுகளின் பயன் உரைப்பதிப்புகளிலும் பாடநூல்களிலும் போதிய அளவு சேரவில்லை. ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகைப் பறவை’ என்னும் குறிப்புகள் தொடர்கின்றன. தினைப்புனத்தையோ நெல்வயலையோ காணாத நாடுகளில் தமிழ் பயிலும் மாணவர்க்கு இக்குறிப்புகள் எதனையும் விளக்குவதில்லை. உள்ளுறையின் வாயிலையே அவை அடைத்துவிடுகின்றன.

முடிவுரை

திருக்குறளின் உழவு அதிகாரம் எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சுதல் ஆகியவற்றைக் கூறி, நீரினும் காப்பே சிறந்தது என்கிறது. கடிதல், ஓப்புதல், காத்தல் என்பனவே பயிர்ப்பகை பற்றிய பழஞ்சொற்களுள் முதன்மை பெறுவன. இன்றைய வழக்கில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எனக் ‘கொல்லி’ நிலைபெற்றுள்ளது. இச்சொல்மாற்றத்தைக் கொண்டு முன்னோர் கொல்லாமையைக் கடைப்பிடித்தனர் என வாதிடல் ஆகாது. அடார் கொல்லும் பொறியே. ஆனால் அக்கொலைப்பொறி வேண்டாததையும் வீழ்த்தும் என்பதைப் புலவர் மறைக்கவில்லை.

காவல் வென்ற இடத்தில் கருவியின் பெயர் போதும். காவல் தவறிய இடத்தைப் பாடுதற்கு உயிரினத்தின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். கிளி ஏன் அகலவில்லை, நெய்தல் ஏன் மீண்டது, பொறியில் ஏன் புலி வீழ்ந்தது என்னும் வினாக்களுக்கு இடந்தரும் பாடல்களே உயிரினம் பற்றிய செறிந்த சான்றுகள். அவற்றைப் புறச்சான்றோடு ஒப்பிட்டும், உயிரினத்தை உரிய பெயரால் அடையாளம் கண்டும் படிக்கும்போது, வேளாண்மை வரலாறும் இலக்கியத் திறனாய்வும் ஒன்றற்கொன்று துணையாகும்.