தரங்கம்பாடியில் ஐந்து புள்ளிகள்

தரங்கம்பாடியின் பழைய நகருக்குள் நுழையும் வாசலை டேனிஷ்காரர்கள் 1792-ல் திரும்பக் கட்டினார்கள். அதன் நிழலில் நின்று ஓர் அப்பாவும் பத்து வயது மகளும் கைபேசியில் ‘சி:ஜியோ’ செயலியைத் திறந்தபோது காலை மணி ஏழு. திரையில் முள் கிழக்கே திரும்பியது. மகள் ராஜா வீதியில் ஓடத் தொடங்கினாள்.

ஜியோகேஷிங் என்பது செயற்கைக்கோளின் துணையோடு ஆடும் புதையல் வேட்டை. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார்.

சி:ஜியோ ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான இலவசச் செயலி. பிறர் ஒளித்த பெட்டிகளைத் தேடத்தான் அது பிறந்தது. ஆனால் சிறிய ஊர்களுக்கு அதன் அருமை வேறொரு வசதியில் இருக்கிறது: வரைபடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் நாமே ஒரு புள்ளியைக் குறித்து, பக்கத்தில் குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். அப்பா முதல் நாள் இரவே ஐந்து புள்ளிகள் குறித்திருந்தார். பெட்டி எதையும் ஒளிக்கவில்லை. பழஞ்சின்னங்களில் டப்பாவைச் செருகுவது தகாது. மேலும், ஜியோகேஷிங் தளத்தின் விதிப்படி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். வாசலிலிருந்து சில நிமிடம் நடந்தால் கடல் வந்துவிடும் ஊரில் அந்தக் கணக்கு இடிக்கும். ஆகவே புள்ளிக்கு ஒரு கேள்வி.

இரண்டாவது புள்ளி புதிய எருசலேம் ஆலயம். “நாலு மீட்டர்னு காட்டுதுப்பா” என்று மகள் நின்றாள். ஓரடி வைத்தால் ஏழு, திரும்பினால் மூன்று. திறந்த வெளியிலேயே கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளாடும்; சுவரோரம் இன்னும் மோசம். “போனைப் பையில வைம்மா, மேலே பாரு” என்றார் அப்பா. ‘ராஜா தன் பெயரை எங்கே எழுதியிருக்கிறார்?’ என்பது கேள்வி. முகப்பின் உச்சியில் ஒரு கிரீடம். அதன் கீழே பின்னிக்கிடக்கும் எழுத்துகள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை அது. எஃப் என்ற எழுத்தைப் பிரித்தெடுக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. 1706-ல் இந்தக் கரையில் இறங்கித் தமிழ் கற்று, தமிழில் புத்தகம் அச்சிட்ட சீகன்பால்க் 1718-ல் கட்டிய ஆலயம் இது. மறு ஆண்டே இறந்த அவர் இதற்குள்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு வைத்த கேள்வி தேறவில்லை. அது கட்டத் தொடங்கிய ஆண்டை மட்டும் கேட்டது. 1620 என்று சொல்லிவிட்டு, “அடுத்தது எங்கப்பா?” என்றாள். தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்த கதையும், 1845-ல் அவர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்ற கதையும் அவள் காதில் ஏறவே இல்லை. செயலியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. முள் இடத்தைக் காட்டும். கண்ணை நிறுத்திவைப்பது கேள்வி போடுகிறவரின் வேலை. குழந்தைகளோடு போகிறவர்கள் எண்ணைக் கேட்காமல் உருவத்தைக் கேட்கலாம்.

வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் வழியில் இணையம் தேவையில்லை. பத்து மணிக்குமேல் வெயிலில் திரை தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி கரையும். விடியற்காலையே சரியான நேரம். நடந்து முடித்த பாதையை ஜி.பி.எக்ஸ். கோப்பாக அடுத்தவருக்கு அனுப்பவும் முடிகிறது.

கடைசிப் புள்ளி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. அப்பா புள்ளியைக் கோயிலில் வைக்காமல் அதற்குக் கிழக்கே, தண்ணீருக்குள் வைத்திருந்தார். கரையின் விளிம்பில் மகள் நின்றாள். முள் கொஞ்சமும் ஆடாமல் அலையைக் காட்டியது.

“அங்கேயா இருந்துச்சு?”