கட்டைவிரலடிக்கு எந்த அறுவை?

புனே மாவட்டத்தின் பிக்வண் கிராமத்தில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு 1996இல் வீடுவீடாகப் போய்த் தொடங்கிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. தேய்மானம் என்றால் முழங்கால் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்கள், பூட்டைத் திறக்கவும் துணி பிழியவும் முடியாமல் வலியைப் பொறுத்துக்கொண்டே காலம் கழிக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விழுகிறது என்று 1977இல் ஆய்வாளர்கள் கூனியும் சாவோவும் கணக்கிட்டனர்.

ஸ்ப்ளின்ட், மாத்திரை, ஊசி எதற்கும் வலி அடங்காதபோதுதான் அறுவை. எக்ஸ்ரே எவ்வளவு மோசமாக இருந்தாலும், வலி இல்லாத கையில் கத்தி வைக்கக் கூடாது.

அடிமூட்டில் தேய்ந்த ட்ரபீசியம் என்ற மணிக்கட்டு எலும்பையே எடுத்துவிடும் முறையை அறுவை மருத்துவர் ஜெர்விஸ் 1949இல் வெளியிட்டார். எலும்பு போன இடத்தில் விரல் இறங்கிப் பலம் குறையுமே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடையாக 1986இல் பர்ட்டனும் பெல்லகிரினியும் மணிக்கட்டுத் தசைநாணைக் கொண்டு ஜவ்வைப் புதிதாகக் கட்டி, மிச்சத்தைச் சுருட்டிப் பள்ளத்தில் வைத்தனர். கேட்பதற்கு மிகப் பொருத்தமான யோசனை, உலகெங்கும் பரவியது.

ஆனால் பிரிட்டனில் டேவிஸ் குழு 162 பெண்களின் 183 கட்டைவிரல்களை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட முடிவு வேறு. எலும்பை மட்டும் எடுத்தவர்களுக்கும் தசைநாண் வைத்த மற்ற இரு பிரிவினருக்கும் ஓராண்டில் வலியிலோ பிடியிலோ வேறுபாடு இல்லை. 5 முதல் 18 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015இன் காக்ரேன் மதிப்பாய்வும் எந்த முறையும் மற்றதைவிட மேல் என்று சொல்லவில்லை. டேவிஸ் ஆய்வில் எல்லோருக்கும் நான்கு வாரம் கம்பி செருகி விரலைத் தாங்கியிருந்தார்கள் என்பதையும், ஆண்கள் யாரும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பட்டறையில் சுத்தியல் பிடிப்பவருக்கு இந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது.

மூட்டை அசையாமல் இணைத்துவிடும் முறை அப்படிப்பட்ட இளைய உழைப்பாளிக்குச் சொல்லப்படுவது. ஆனால் நெதர்லாந்தில் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் இதை எலும்பெடுப்போடு ஒப்பிட்ட ஆய்வு, இணைத்தவர்களுக்குச் சிக்கல்கள் மிகுந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. உள்ளங்கையை முழுதாக விரிப்பதும் கடினமாகிவிடும். பாக்ரி ரொட்டி தட்டும் கைக்கு அது பெரிய இழப்பு. செயற்கை மூட்டு பிடியைச் சீக்கிரம் மீட்டுத் தருகிறது. ஆனால் விலகவோ தளரவோ வாய்ப்புண்டு, செலவும் கூடுதல். புதிய வடிவங்களின் நீண்டகால விவரம் இன்னும் போதவில்லை.

ஆகவே முற்றிய தேய்மானத்தோடு புனே மருத்துவமனைக்கு வரும் நடுத்தர வயதைக் கடந்த பெண்ணுக்கு என் தேர்வு, ட்ரபீசியத்தை மட்டும் எடுத்துச் சில வாரம் தாங்கி வைப்பதே. தசைநாணும் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், என் கைக்கு ஏன் என்று அந்தப் பெண் கேட்கட்டும். முதல் அறுவை தோற்ற கையானால் அதற்கு நல்ல காரணம் இருக்கக்கூடும். விரலின் நடுமூட்டு பின்னோக்கி மிகவும் வளைகிறதா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். வளைந்தால் அதையும் அதே அறுவையில் சரிசெய்யாவிட்டால் கிள்ளும் பிடி நிற்காது. எந்த முறையானாலும் பலம் திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டுகூட ஆகும் என்பதை அறுவைக்கு முன்பே வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும்.