சர்க்யூட் எங்கே?

கடையில் வாங்கிய ரேடியோ செட்டில் பேசுகிறவன் வெறும் வாடிக்கையாளன், தானே செட் கட்டிப் பேசுகிறவன்தான் ஹாம் என்ற வாதம் அமெச்சூர் ரேடியோக்காரர்களிடையே மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. ஹாம்கள் கூடுகிற இடங்களில் வீட்டில் செய்த செட்டைச் சுற்றித்தான் கூட்டம். மூடியைத் திறந்து காட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், தட்டிக்கொடுக்கிறார்கள். "சர்க்யூட் எங்கே?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "எல்லாம் இதற்குள் இருக்கிறது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்கள். என் சண்டை அந்த நெற்றியோடுதான்.

ஹோம்ப்ரூவின், அதாவது வீட்டிலேயே செட் கட்டுவதன், பெருமையை நான் மறுக்கவில்லை. வெளிநாட்டு செட் எட்டாக்கனியாக இருந்த காலத்தில் பல இந்திய ஹாம்களின் குரலை வெளியே கொண்டுபோனது சால்டரிங் அயர்ன்தான். லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த ஆஸிலேட்டர், நாமே கட்டி அது அலைவெண் நழுவி ஓடும்போதுதான் புரியும். செலவும் குறைவு. இதெல்லாம் சரி.

ஆனால் சில வருடங்களுக்கு முன் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். காலமான ஹாமை நாங்கள் 'சைலன்ட் கீ' என்போம். அப்படி ஒருவர் விட்டுப்போன அலுமினியப் பெட்டி. "ஒரு தடவை ஓடினால் போதும் அங்கிள்" என்றார் மகன். திறந்தேன். செப்புத் தகட்டு போர்டின்மேல் பாகங்கள் அந்தரத்தில் நிற்கப் பற்றவைத்திருந்தார். அழகான கை. காயல் காற்றின் உப்பில் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. காயிலின்மேல் நகப்பூச்சு கெட்டியாகப் படிந்திருந்ததால் சுற்றுகளை எண்ண முடியவில்லை. அட்டை டயலில் பென்சிலால் இரண்டு கோடுகள், எண் கிடையாது. ஒரு கம்பி அறுந்து தொங்கியது. அது மூன்று இடங்களில் எதிலிருந்து வேண்டுமானாலும் அறுந்திருக்கலாம்.

அதே அலமாரியில் லாக் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. தேதி, நேரம், அலைவெண், எதிர்முனையின் அழைப்புக்குறி எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். லாக் எழுதுவது லைசென்ஸ் நிபந்தனை, எழுதினார். சர்க்யூட் வரைய யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வரையவில்லை. அவர் யாரோடு பேசினார் என்பது முழுக்கத் தெரிகிறது. எதைக்கொண்டு பேசினார் என்பது அவரோடு போய்விட்டது.

"தினமும் மாற்றிக்கொண்டே இருப்போம், எழுதினால் மறுநாளே பழசாகிவிடும்" என்று செட் கட்டுகிறவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். தினமும் மாறுகிற வரவு செலவுக்குத்தானே கணக்கு நோட்டு?

இவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டுவது பிட்எக்ஸ் செட்டை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003 வாக்கில் வடிவமைத்தது. அனுப்பவும் வாங்கவும் அதே ஆம்ப்ளிஃபயர் நிலைகளைப் பயன்படுத்திய கெட்டிக்காரத்தனம். ஆனால் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது, குழாய் வாஷரில் காயில் சுற்றிய கதையைத்தான். வாஷர் எந்த ஊர் பிளம்பிங் கடையிலும் கிடைக்கும். முழு சர்க்யூட்டையும் வரைந்து, ஒவ்வொரு நிலையும் ஏன் என்று விளக்கி, எப்படிச் சுற்ற வேண்டும், கட்டியதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்றும் எழுதி, இலவசமாகக் கொடுத்தாரே, அதுதான் அரிது. அவர் முகம் பார்க்காதவர்கள் எந்தெந்த நாட்டிலோ அதைக் கட்டினார்கள்.

அதே வரிசையில் 2017 டிசம்பரில் வந்த மைக்ரோபிட்எக்ஸில் குறை இருந்தது. அனுப்பும் அலைவெண்ணின் மடங்குகளிலும், 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 14-இலும் 21-இலும், சிக்னல் கசிந்தது. அடுத்த ஆண்டே பயனர்கள் அளந்து பார்த்து, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு ரிலே வழியாகக் கசிவதைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்த பதிப்பில் அது திருத்தப்பட்டது. சர்க்யூட் எல்லார் கையிலும் இருந்ததால் வந்த நன்மை இது. மட்டாஞ்சேரிப் பெட்டி எத்தனை கசிவு கசிந்ததோ, பக்கத்து வீட்டு டிவிக்குத்தான் வெளிச்சம்.

சர்வதேச விதிகள் அமெச்சூர் சேவைக்குச் சொல்லும் நோக்கங்கள் மூன்று: சுயபயிற்சி, பரஸ்பரத் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு. எழுதாமல் கட்டுகிறவர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார். அவர் செய்வதை ஆய்வு என்று நான் ஒப்பமாட்டேன். அது பரம்பரை வைத்தியரின் லேகியம். நோய் தீர்ந்தால் கைராசி, தீராவிட்டால் நோயாளியின் தலைவிதி. கடையில் செட் வாங்கியவனிடம் சர்வீஸ் மேனுவலாவது இருக்கிறது. அவனை இளப்பமாகப் பேச இவர்களுக்கு என்ன தகுதி?

கடுமையாகப் பேசுகிறேன், தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் அப்படியே திருப்பிக் கொடுத்தவன் நான்.

செட் கட்டுகிறவர்கள் மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு தாளில் சர்க்யூட்டை வரையுங்கள். டிரான்சிஸ்டர் எண், காயில் சுற்று, தேதி எல்லாம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். கொச்சி ஈரத்துக்கு மை நிற்காது.