கம்பம் பள்ளத்தாக்கில் காலைப் பத்திரிகை

அச்சுப் பத்திரிகையின் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனைக் கணக்கையும் விளம்பர வருமானத்தையும் வைத்தே பேசுகிறார்கள். தேனியிலிருந்து கூடலூர் வரை மலையடியில் நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அது ஜனங்களுக்கு என்ன காரியம் செய்தது, எங்கே தவறியது என்பதை ஆராயாமல் அவ்வாறு தீர்ப்பளிப்பது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

மதுரையில் அச்சான கட்டுகள் ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து விடியுமுன் வந்து இறங்கும். டீக்கடையில் ஒரே பத்திரிகை நடுத்தாள் ஒருவருக்கும் மேல்தாள் இன்னொருவருக்குமாகப் பிரிந்து போக, படிக்கத் தெரியாதவர் பக்கத்திலிருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, பாமரர் பேச்சுக்கு நெருங்கிய நடையைக் கைக்கொண்டது இவ்வழக்கத்துக்குப் பெருந்துணை புரிந்தது. இங்குள்ள விவசாயி அத்தாளில் முதலில் தேடுவது அணை நிலவரத்தைத்தான்: முல்லைப் பெரியாற்றில் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எவ்வளவு. 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் நாற்றங்கால் இந்த எண்களை நம்பியே இருக்கிறது.

அந்த எண்கள் இன்று செல்பேசியில் வந்துவிடுகின்றன. போடி ஏலக்காய் ஏலத்தின் விலை, ஏலம் முடிவதற்குள் தோட்டத்துக்கே எட்டிவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டபோதும் மறுநாள் காலைப் பத்திரிகைக்காக எவரும் காத்திருக்கவில்லை. வேகத்தில் பத்திரிகை தோற்றுவிட்டது. அதில் வாதத்துக்கு இடமே இல்லை.

ஆயினும் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொண்டு போகிறவர், தம் ஊர்ச் சாலையையோ குடிநீரையோ பற்றி வெளிவந்த செய்தியைக் கத்தரித்து மனுவோடு இணைத்துக்கொண்டு போகிறாரே, அது எதனால்? அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர்களைத் தாளிலேயே பொறிக்க வேண்டும் என்று 1867-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்த நாள்தொட்டு, அச்சில் வந்த சொல்லுக்கு ஒருவர் பொறுப்பாளியாக நிற்கிறார். அதைப் பிற்பாடு எவரும் சத்தமின்றி மாற்றியெழுத முடியாது. வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் வாசகத்துக்கு இவ்விரண்டு தன்மைகளும் இல்லை.

இந்தப் பொறுப்பைப் பத்திரிகைகள் எப்போதும் உணர்ந்து நடந்தன என்று சொல்ல என் மனம் இசையவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்துத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே இருந்த விவகாரம் முற்றி, குமுளிப் பாதை அடைபட்டு, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் பிழைப்பிழந்து நின்ற நாட்களில், மலையாளப் பத்திரிகைகள் அணை உடையும் என்ற அச்சத்தையும் தமிழ்ப் பத்திரிகைகள் நமது உரிமையையும் எழுதினவேயன்றி, அக்கரையார் ஏன் அஞ்சுகிறார்கள், இக்கரையார் எதனால் கொதிக்கிறார்கள் என்று பரஸ்பரம் விளக்கிச் சொன்ன எழுத்து மிகச் சொற்பமே. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே கூறியிருந்தது. அதற்கு ஆதாரமான நிபுணர் கருத்துகளை இரு பாஷை வாசகர்களுக்கும் பொறுமையாக எடுத்துரைத்திருக்க வேண்டிய கடமை அச்சுக்கே உரியது. வாசகனின் கோபத்தையே மறுநாள் வாசகனுக்கு விற்ற குற்றத்தை நான் இலேசாகக் கருதவில்லை.

மற்றொரு குறை அமைப்பிலேயே இருக்கிறது. தாலுகா நிருபர்களில் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் கொடுத்த பிரமுகரைப் பற்றி அதே நிருபர் எப்படித் துணிந்து எழுதுவார்?

பத்திரிகை இன்னும் மெலியும். காகிதமும் போக்குவரத்தும் விலையேற, மலையோரக் குக்கிராமங்களுக்குக் கட்டு போவது முதலில் நிற்கும். ஆனால் லோயர் கேம்பிலிருந்து 18-ஆம் கால்வாயில் தண்ணீர் திறந்தார்கள் என்று செல்பேசி சொல்லிவிட்ட பிறகும், அது கடைமடைக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்ததா, நடுவில் எங்கே கரை உடைந்தது, எவர் மடையை அடைத்தார் என்பதை, கரையோடு நடந்து பார்க்கிற ஒருவர்தான் எழுத முடியும். அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும், அவர் எழுதியதை விளம்பரதாரருக்கு அஞ்சாமல் பிரசுரிக்கவும் முன்வருகிற பத்திரிகையைத் தேனி வாசகர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நான் நம்புகிறேன்.